செல்லைப் பிரிக்கும் புரதங்களும் மார்பகப் புற்றுநோயும்: எது காரணம், எது அடையாளம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு 52 வயது. மார்பகத்தில் புற்றுநோய். பயாப்ஸி அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 (செல்லை வளரச் சொல்லும் இன்னொரு ஏற்பி) நெகட்டிவ், கேஐ-67 (பிரிவுச் சுழற்சியில் இருக்கும் செல்களில் தெரியும் ஒரு புரதம்) 35 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கேஐ-67 என்றால் என்ன என்று தேடப் போய், செல் பிரிவதற்கான புரதங்கள்தான் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "அந்தப் புரதங்கள் எல்லார் உடம்பிலும் இருக்குமே, அப்புறம் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? அவற்றை நிறுத்த மருந்து கிடையாதா?" என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தப் புரதங்கள் நோய்க்குக் காரணமா, இல்லை நோய் இருப்பதற்கு வெறும் அடையாளமா? எல்லாப் புரதத்துக்கும் ஒரே பதில் கிடையாது. சில காரணம் என்று உறுதியாகத் தெரியும். சில வெறும் அடையாளம். சில நடுவில் கிடந்து ஆய்வாளர்களைப் படுத்துகின்றன.

நான் பேத்தாலஜிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாக மார்பகக் கட்டிகளின் ஸ்லைடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; அம்மாவின் அறிக்கையைப் போன்ற அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. நோயாளிக்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை. அதனால் அவருக்கு எந்தச் சிகிச்சை சரி என்பதற்குள் போக மாட்டேன். அதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் நோயில்லாத மார்பகத்தைப் பார்ப்போம். இதயம், சிறுநீரகம் எல்லாம் பிறக்கும்போதே உருவாகி முடிந்தவை. மார்பகம் அப்படியில்லை. பூப்படையும்போதுதான் அதன் வளர்ச்சி வேகமெடுக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு மாதவிலக்குச் சுழற்சியிலும், முக்கியமாகப் பின்பாதியில், அதன் செல்களில் கொஞ்சம் பிரியும், கொஞ்சம் சாகும். கர்ப்பத்தில் அந்தப் பெருக்கம் பல மடங்காகும். ஆக, செல்லைப் பிரிக்கும் புரதங்கள் அங்கே வருடக்கணக்காக வந்து போய்க்கொண்டேதான் இருக்கின்றன. 1990களில் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு இன்றும் ஆச்சரியம். நோயில்லாத மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல்லும், பிரிந்துகொண்டிருக்கும் செல்லும் ஏறக்குறைய எப்போதும் வேறு வேறு. ஹார்மோன் சேதியை ஒரு செல் வாங்குகிறது. அது பக்கத்துச் செல்லுக்குச் சொல்கிறது. பிரிவது பக்கத்துச் செல். புற்றுநோயில் இந்த வேலைப் பங்கீடு குலைந்துபோகிறது. சேதியை வாங்கும் செல்லே தானும் பிரிய ஆரம்பிக்கிறது. அம்மாவின் அறிக்கையில் 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்' என்பதும் 'கேஐ-67 35' என்பதும் ஒரே கட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் குலைவுதான்.

இந்தப் புரதங்களை முதலில் கண்டுபிடித்தது புற்றுநோயில் இல்லை. லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைத் தேடினார். பால் நர்ஸ் இன்னொரு வகை ஈஸ்டில் அதே வேலையைச் செய்தார். டிம் ஹண்ட் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்துச் சோதித்தபோது, ஒரு புரதம் மட்டும் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் சட்டென்று காணாமல் போவதைப் பார்த்தார். சுழற்சியில் வந்து போவதால் சைக்ளின் என்று பெயர் வைத்தார்கள். 1987இல் நர்ஸின் ஆய்வகம் ஈஸ்டின் பழுதான மரபணுவுக்குப் பதிலாக மனிதனின் மரபணுவைச் செலுத்தியது. ஈஸ்ட் தடங்கலில்லாமல் பிரிந்தது. 2001இல் மூவருக்கும் நோபல் பரிசு. இந்தப் பழைய கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஈஸ்டுக்கும் நமக்கும் பொதுவாக, நூறு கோடி வருடத்துக்கு மேலாகக் காப்பாற்றப்பட்டு வந்த புரதங்கள் இவை. இவற்றைக் 'கெட்ட புரதம்' என்று நினைத்தால் ஆரம்பத்திலேயே வழி தவறிவிடும். இவை இல்லாவிட்டால் சிராய்ப்புக்கூட ஆறாது.

சரி, இவற்றில் காரணம் என்று கைகாட்டக்கூடியது எது? முதல் பெயர் சைக்ளின் டி1. எல்லாரும் பிரேக், ஆக்சிலேட்டர் என்று சொல்லி விளக்குவார்கள். எனக்கு ஏரி மதகுதான் பொருத்தமாகத் தெரிகிறது. செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கத் தேவையான சரக்கெல்லாம் ஏரித் தண்ணீர் மாதிரி நிற்கிறது. அதை ஈ2எஃப் என்ற புரதம்தான் ஓடவிட வேண்டும். ஆர்பி என்ற இன்னொரு புரதம் மதகுப் பலகையாக அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. பலகையைத் தூக்கும் நீர்க்கட்டி (மதகைத் திறந்து மூடும் ஊர் ஆள்; உடம்பில் வரும் கட்டி இல்லை) சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு நொதிகள். ஆனால் நீர்க்கட்டி தானாகப் போய்த் தூக்க மாட்டார். அவருக்கு உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவுதான் சைக்ளின் டி. உத்தரவு வந்ததும் நொதி ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது, ஆர்பியின் பிடி விடுகிறது, ஈ2எஃப் விடுபடுகிறது. செல் இதற்கப்புறம் திரும்பிப் பார்க்காமல் பிரிவை நோக்கிப் போகும். உத்தரவு அநாவசியமாக வந்துவிட்டாலும் நீர்க்கட்டியின் கையைப் பிடித்து நிறுத்த பி16 என்று ஒரு புரதம் உண்டு.

மார்பகச் செல்லில் இந்த உத்தரவை எழுத வைக்கும் முக்கியமான ஆள் ஈஸ்ட்ரோஜன். ஏற்பியில் போய் அது உட்கார்ந்ததும் சைக்ளின் டி1 உற்பத்தி கூடும். இது நோயில்லாத உடம்பிலும் நடப்பதுதான். புற்றுநோயில் என்ன ஆகிறது? மார்பகக் கட்டிகளில் ஏறக்குறைய 15 சதவீதத்தில், 11ஆம் குரோமோசோமில் சைக்ளின் டி1 மரபணு இருக்கும் துண்டே பல பிரதிகளாகப் பெருகிக் கிடக்கிறது. ஒரே உத்தரவை ஜெராக்ஸ் போட்டுக் குவித்த மாதிரி. மரபணு பெருகாத கட்டிகளையும் சேர்த்தால், பாதி வரை கட்டிகளில் இந்தப் புரதம் அளவுக்கு மேல் இருக்கிறது.

அதிகமாக இருக்கிறது என்பதாலேயே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தீப்பிடித்த இடத்தில் எப்போதும் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்வோமா? சைக்ளின் டி1 விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவை எலிச் சோதனைகள். 1994இல் எலியின் மார்பகத்தில் இந்தப் புரதத்தை வேண்டுமென்றே அதிகமாகச் சுரக்க வைத்தார்கள். அவற்றுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆனால் சட்டென்று வரவில்லை, நெடுநாள் கழித்துத்தான் வந்தது. 1995இல் இந்த மரபணுவை எடுத்துவிட்ட எலிகளை உருவாக்கினார்கள். அவை பிழைத்து வளர்ந்தன, ஆனால் கர்ப்பத்தின்போது அவற்றின் மார்பகம் வளர வேண்டிய அளவு வளரவில்லை. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் அது இல்லாமல் சமாளித்துக்கொள்ள, மார்பகம் அதையே நம்பியிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 2001இல் வந்த சோதனைதான் என் மனதுக்கு மிகவும் பிடித்தது. சைக்ளின் டி1 இல்லாத எலிகளில் நான்கு விதமான புற்றுநோய் மரபணுக்களைத் தூண்டிப் பார்த்தார்கள். ஹெர்2வின் எலி வடிவத்தையும் ராஸ் மரபணுவையும் தூண்டினால் கட்டி வரவில்லை. மிக், விண்ட்1 என்ற மற்ற இரண்டைத் தூண்டினால் வழக்கம்போல வந்தது. அதாவது சில வழிகள் இந்த மதகைத் தாண்டித்தான் போக வேண்டும். சில வழிகள் கரையை வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு போகின்றன.

உங்கள் 'சிலருக்கு மட்டும் ஏன்' என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. புரதம் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்கு உத்தரவு போடுபவர்களும், அதைத் தடுப்பவர்களும் சிலரின் ஒரு சில மார்பகச் செல்களில் கெட்டுப்போகிறார்கள். ஹெர்2 பெருகினால் உத்தரவு ஓயாது. பிஐ3 கைனேஸ் என்ற நொதியின் மரபணு பழுதானாலும் அதே கதி; ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் அந்தப் பழுது இருக்கிறது. இவை பெரும்பாலும் பிறவியில் வந்தவை இல்லை. வாழ்நாளில், ஒரு செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது விட்ட பிழைகள்தான் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பழுதால் வருவது மொத்த மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் அதில் முக்கியமானவை. அவை நேரடியாகச் செல்லைப் பிரிக்கும் புரதங்கள் அல்ல, உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்பவை. அந்தப் பழுதோடு பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வர ஏறக்குறைய 70 சதவீத வாய்ப்பு. செல் பிரிவதற்கு முன் செய்ய வேண்டிய ரிப்பேரை ஒழுங்காகச் செய்யாமல் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மருந்து உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதுவும் அம்மாவின் வகைக்கு என்றே. நீர்க்கட்டியின் கையைக் கட்டும் மாத்திரைகளில் முக்கியமானவை மூன்று. பால்போசிக்ளிப் 2015இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ரைபோசிக்ளிப்பும் அபெமாசிக்ளிப்பும் 2017இல். பி16 இயற்கையாகச் செய்யும் வேலையை இவை மாத்திரை வடிவில் செய்கின்றன. ஹார்மோன் ஏற்பி உள்ள, உடம்பில் பரவிவிட்ட நோயில் நடந்த ஒரு பெரிய சோதனையில், ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்ட பெண்களுக்கு நோய் மேலும் வளராமல் நின்ற காலம் நடுமதிப்பில் 14.5 மாதம், பால்போசிக்ளிப்பும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 24.8 மாதம். மாதவிலக்கு நிற்காத பெண்களிடம் நடந்த ரைபோசிக்ளிப் சோதனையில், 42ஆவது மாதத்தில் அந்த மருந்து பெற்றவர்களில் 70 சதவீதம் உயிரோடு இருந்தார்கள், பெறாதவர்களில் 46 சதவீதம். இந்த மருந்துகள் வேலை செய்வதே இந்த மதகு நோய்க்குக் காரணமான இடம் என்பதற்கு மனித உடம்பிலிருந்து கிடைத்த சாட்சி. அறுவைக்குப் பிறகு நோய் திரும்பாமலிருக்க அபெமாசிக்ளிப்பும் ரைபோசிக்ளிப்பும் உதவின. அதே இடத்தில் பால்போசிக்ளிப் உதவவில்லை. மூன்றும் ஒரே குடும்பம், இருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எதுவும் இன்னும் நிரூபணமாகவில்லை. எல்லா ஆரம்ப நிலை நோயாளிக்கும் இவை தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: பால்போசிக்ளிப்பின் இந்தியக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. அதன் பிறகு பல கம்பெனிகள் தயாரித்து விலை வெகுவாக இறங்கிவிட்டது.

இங்கே ஒரு சங்கடமான உண்மை. உத்தரவு குவிந்து கிடக்கும் கட்டியில்தானே இந்த மருந்து நன்றாக வேலை செய்ய வேண்டும்? அப்படித்தான் எல்லாரும் நினைத்தோம். பால்போசிக்ளிப்பின் ஆரம்பச் சோதனை ஒன்றில், சைக்ளின் டி1 பெருகிய அல்லது பி16 தொலைந்த கட்டிகளை மட்டும் பொறுக்கி ஒரு குழுவாகவே வைத்துப் பார்த்தார்கள். பொறுக்கியதால் ஒரு லாபமும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்பதே போதுமான அடையாளமாக இருந்தது. காரணம் என்று உறுதியாகத் தெரிந்த புரதத்தைக்கூட, ஒரு நோயாளியிடம் அளந்து பார்த்து மருந்தைத் தீர்மானிக்க முடியவில்லை. மருந்து வேலை செய்யாது என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல உதவும் அடையாளம், ஆர்பி இல்லாமல் போவது. மதகுப் பலகையே இல்லாத ஏரியில் நீர்க்கட்டியின் கையைக் கட்டி என்ன பயன்? இந்த மருந்துக்கு அடங்கியிருந்த சில கட்டிகள் பிறகு ஆர்பியை இழந்துதான் தப்பிக்கின்றன.

அந்தப் பலகையே இல்லாத கட்டிகள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பியும் இல்லாத, டிரிபிள் நெகட்டிவ் என்று சொல்லும் வகையில் பெரும்பாலானவற்றை உள்ளடக்கிய பேசல் வகைக் கட்டிகளில், 2012இல் வெளியான பெரிய மரபணுத் தொகுப்பின்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஆர்பி பழுது. பி53 என்ற புரதம் 80 சதவீதத்தில் பழுது. பி53தான் டிஎன்ஏ உடைந்திருந்தால் பிரிவை நிறுத்திவைப்பது, சரிசெய்ய முடியாவிட்டால் செல்லைச் சாகவிடுவது. ஹார்மோன் ஏற்பி உள்ள வகைக்குள், மெதுவாக வளரும் பிரிவை மட்டும் எடுத்தால், பி53 பழுது 12 சதவீதம்தான். மதகு ஒன்றுதான், ஆனால் ஒரு வகை அதை உத்தரவு போட்டுத் திறக்கிறது, இன்னொரு வகை பெயர்த்தே எடுத்துவிடுகிறது. ஒரே பெயரில் அழைத்தாலும் இவை இரண்டு நோய்கள் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி, நடுவில் கிடப்பவை என்று சொன்னேனே, அவை. டிஎன்ஏ நகலாகி முடிந்ததும் 46 குரோமோசோம்களின் இரட்டைப் பிரதிகளை இரண்டு மகள் செல்களுக்கும் சரிசமமாகப் பங்கிட வேண்டும். நம் ஊர்ப் பந்தி போல நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி இலைக்குச் சோறு விழும்வரை யாரும் கை வைப்பதில்லை. செல்லிலும் ஒவ்வொரு குரோமோசோமும் இழையில் மாட்டிக்கொண்டதா என்று மேட்2, பப்1 போன்ற புரதங்கள் காவல் காக்கின்றன. ஒன்று மாட்டாமல் இருந்தாலும் பிரிவு நிற்கும். மார்பகப் புற்றுநோய் செல்களில் இந்தப் பங்கீடு அடிக்கடி கோணலாகிறது. மைக்ராஸ்கோப்பில் இரண்டு துருவத்துக்குப் பதில் மூன்று துருவத்துக்கு இழுபடும் செல்லை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்று ரெக்கை காற்றாடி மாதிரி இருக்கும். தியோடர் போவேரி என்ற ஜெர்மானியர் 1914இலேயே, குரோமோசோம் பங்கீடு தவறுவதுதான் புற்றுநோயின் மூலம் என்று எழுதினார். அவர் புற்றுநோய் மருத்துவரே இல்லை, கடல் முள்ளெலி முட்டைகளை ஆராய்ந்தவர். அந்தப் பிராணிக்கு இந்தத் துறை ரொம்பக் கடன்பட்டிருக்கிறது.

போவேரி சொன்னது சரியா? பாதி சரி என்பேன். மேட்2வைக் குறைத்த எலிகளுக்குக் கட்டி வந்தது. மேட்2வை அளவுக்கு மீறிக் கூட்டிய எலிகளுக்கும் கட்டி வந்தது. பங்கீடு எந்தப் பக்கம் கோணலானாலும் ஆபத்து என்று தெரிகிறது. ஆனால் மனிதக் கட்டிகளில் இந்தக் காவல் மரபணுக்கள் பழுதாகி இருப்பது அபூர்வம். அதற்குப் பதில் அவை அதிகமாகச் சுரப்பதையே பார்க்கிறோம். அது ஏன் என்றால், மேட்2 மரபணுவை இயக்குபவர்களில் ஒருவர் நாம் முன்பு பார்த்த அதே ஈ2எஃப். மதகு உடைந்தால் தண்ணீர் வயலுக்கு மட்டுமா போகும், வீட்டுக்குள்ளும் வரும். ஆர்பி தொலைந்ததன் விளைவாக மேட்2 கூடுகிறது, அது கூடியதால் குரோமோசோம் பங்கீடு கெடுகிறது, பங்கீடு கெட்டதால் அடுத்த பழுதுகளுக்கு வழி பிறக்கிறது. இதில் மேட்2 அடையாளமா, காரணமா? இரண்டும்தான். முதல் தீப்பொறி அது இல்லை; ஆனால் பிடித்த தீ பரவ உதவுகிறது.

அரோரா ஏ என்ற புரதமும் இந்த ரகம். 1995இல் பழ ஈயில் கண்டுபிடித்து, துருவ ஒளியின் பெயரை வைத்தார்கள். பிரியும் செல்லின் இரு துருவங்களில் அதற்கு வேலை. 1998இல் மனித மார்பகக் கட்டிகளில் 20ஆம் குரோமோசோமில் அதன் மரபணு பெருகியிருப்பதைக் கண்டார்கள், ஏறக்குறைய எட்டில் ஒரு கட்டியில். அதைக் கூட்டினால் துருவங்கள் பெருகுகின்றன, பங்கீடு கெடுகிறது. இவ்வளவும் சரி. ஆனால் அதே துண்டில் வேறு மரபணுக்களும் சேர்ந்தே பெருகுகின்றன. அரோரா ஏவைத் தடுக்கும் மருந்துகள் பல வருடம் சோதனையில் இருந்தும், மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் வாங்கும் அளவுக்கு எதுவும் இன்னும் வரவில்லை. சைக்ளின் டி1க்குக் கொடுத்த 'காரணம்' என்ற பட்டத்தை இதற்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கடைசியாக, உங்களைத் தேட வைத்த கேஐ-67. 1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஒரு ஆய்வகம் தயாரித்த ஆன்டிபாடியிலிருந்து (ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பொருள்) வந்த பெயர். கீல் (Kiel) நகரத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் (Ki), ஆய்வுத் தட்டில் அது இருந்த 67ஆம் குழியும். அதற்கு மேல் அர்த்தம் எதுவும் இல்லை. ஓய்வில் இருக்கும் செல்லில் இந்தப் புரதம் இராது. பிரிவுச் சுழற்சிக்குள் நுழைந்த செல்லில் இருக்கும். அது என்ன வேலை செய்கிறது என்பதே முப்பது வருடம் கழித்து, 2016இல்தான் ஓரளவு தெளிவானது. பிரியும் நேரத்தில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் அவற்றின் மேல் சோப்பு நுரை போலப் படர்ந்திருக்கிறதாம். அது ஏறக்குறைய இல்லாதபடி செய்த எலிகள் பிறந்து நன்றாகவே வளர்ந்தன. கட்டி வளர்வதில் அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று பின்னர் சில எலிச் சோதனைகள் காட்டின. ஆனாலும் அதனால் புற்றுநோய் வருகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அடையாளம் என்ற வரிசையில் முதலில் நிற்பது இதுதான்.

35 சதவீதம் என்பதை வைத்துப் பலர் பயந்துபோய் எங்கள் லேப் வாசலில் வந்து கேட்பார்கள், "முப்பத்தஞ்சு பர்சன்ட் பரவிடுச்சா டாக்டர்?" என்று. இல்லை. ஸ்லைடில் எண்ணிய கட்டி செல்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து, பிரிவுச் சுழற்சிக்குள் எங்கோ ஒரு கட்டத்தில் இருக்கின்றன. அவ்வளவுதான். எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அதற்குக் கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டுகள், ஸ்கேன் இவற்றைப் பார்க்க வேண்டும். கூடவே என் தொழிலின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்லைடை இரண்டு பேத்தாலஜிஸ்ட் எண்ணினால் ஒருவருக்கு 18 வரும், மற்றவருக்கு 27 வரும். கட்டியில் ஒரு மூலையில் நெருக்கமாகவும் இன்னொரு மூலையில் அங்கொன்று இங்கொன்றாகவும் இருக்கும். எந்த மூலையை எண்ணுவது? வெட்டியெடுத்த கட்டியை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் நேரத்துக்குப் போடாவிட்டாலும் எண்ணிக்கை குறையும். ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு கட்டி, ஃபார்மலின் பாதிகூட மூடாத டப்பாவில், இரவு முழுக்க பஸ்ஸில் பயணம் செய்து வந்தது. நடுப்பகுதி வீணாகியிருந்தது, ஓரத்தை மட்டும் எண்ணி, அதையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். இதனால்தான் சர்வதேசக் குழு ஒன்று, 5க்குக் கீழே இருந்தாலோ 30க்கு மேலே இருந்தாலோ மட்டும் இந்த எண்ணை நம்பலாம், நடுவில் இருந்தால் அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. அம்மாவுடையது 35, எல்லைக்குக் கொஞ்சம் மேலே. வேகமாக வளரும் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 35ஐ 32இலிருந்தோ 40இலிருந்தோ பிரித்துப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரே புரதத்தை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பது இன்னும் நல்லது என்று வந்ததுதான் 21 மரபணுப் பரிசோதனை. அதில் 16 மரபணுக்கள் புற்றுநோயோடு தொடர்புள்ளவை, மீதி ஒப்பீட்டுக்கு. பதினாறில் ஐந்து செல் பிரிவைக் காட்டுபவை: கேஐ-67, அரோரா ஏ, சர்வைவின், சைக்ளின் பி1, மைப்எல்2. மதிப்பெண்ணை மேலே தூக்குவதில் இந்த ஐந்துக்கும் பெரிய பங்கு. நெறிகட்டில் பரவாத, ஹார்மோன் ஏற்பி உள்ள நோயில், நடுத்தர மதிப்பெண் வந்த பெரும்பாலானவர்களுக்குக் கீமோ சேர்ப்பதால் லாபமில்லை என்று 2018இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. 50 வயதுக்குட்பட்ட சிலர் மட்டும் விதிவிலக்கு. காரணமோ அடையாளமோ, அளந்து பார்ப்பதில் பயன் உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம். இங்கே செய்துகொள்ளச் செலவு அதிகம். எல்லாருக்கும் தேவையும் இல்லை.

கீமோ என்றதும் ஒன்று. செல் பிரிவுப் புரதத்தைத் தாக்கும் மருந்து 2015இல்தான் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குரோமோசோம்களை இழுக்கும் இழைகள் ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சல் அந்த இழைகளை விறைக்க வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு 1994இலிருந்து பயன்படுகிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்துகள் அதே இழைகளைக் கலைக்கின்றன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் பரவிய மார்பகப் புற்றுநோயில் கொடுக்கப்படுகிறது. தென் மாவட்டங்களில் மானாவாரியாக இந்தச் செடியைப் போட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள். இதைச் சொன்னதும் செடியைக் கஷாயம் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அது விஷச் செடி. ஆலையில் டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுப்பது அந்த மருந்து. பாக்லிடாக்சல் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தித்தான் கொல்கிறது என்று நாங்கள் படித்தோம். 2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உண்மையான மார்பகக் கட்டிகளுக்குள் மருந்தின் அளவைப் பார்த்தபோது, அது பிரிவை நிறுத்தும் அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. செல் பிரியத்தான் செய்கிறது, மூன்று நான்கு துருவங்களாகக் கோணல்மாணலாகப் பிரிந்து, அந்தக் குளறுபடியில் சாகிறது. பங்கீடு கொஞ்சம் கெட்டால் கட்டிக்கு லாபம், ரொம்பக் கெட்டால் கட்டிக்கே மரணம்.

அம்மாவின் அறிக்கையை மறுபடி எடுத்தால் இன்னொன்றைத் தேடிப் பாருங்கள். 'கிரேடு' என்ற வரிக்குக் கீழே மூன்று சிறிய எண்கள் இருக்கலாம், ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை. மூன்றாவது எண் மைடோசிஸ், அதாவது ஆன்டிபாடி எதுவும் இல்லாமல், பிரிந்துகொண்டிருக்கும் செல்களைக் கண்ணால் எண்ணிப் போட்டது. கேஐ-67 35 என்றிருந்து மைடோசிஸ் 1 என்றிருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஸ்லைடை இன்னொரு தடவை பார்க்கச் சொல்ல முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எங்களுக்கு அதில் கோபம் வராது. கட்டியின் துண்டை மெழுகில் பதித்த அந்த பிளாக்கை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பதே அதற்காகத்தான்.